என் பக்கம் ஒரு தாழ்ப்பாள்

மார்ச் 12

தம்பிக்கு,

நீ நல்லா இருக்கியான்னு கேக்கற மனநிலையில நான் இல்லை. நல்லாத்தான் இருப்பே, உனக்கென்ன.

"மாடி ரெடிக்கா, வந்து பாரு, அசந்துடுவே"ன்னு நீ சொன்னதை நம்பி ரெண்டு நாள் லீவு போட்டு, ஒன்பது மணி நேரம் பஸ்ல உட்கார்ந்து வந்தேன். அசந்துதான் போனேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு வார்த்தை பேசாம பையைத் தூக்கிட்டு ஏன் கிளம்பிட்டேன்னு உனக்குப் புரியலையாம், உன் பொண்டாட்டி போன்ல சொன்னா. அதனால எழுதறேன். பேசினா நீ "சரிக்கா, சரிக்கா"ன்னுட்டு ஒண்ணையும் காதுல வாங்க மாட்டே. பேப்பர்ல இருந்தா தப்பிக்க முடியாது. நீயும் எழுது. போன் பண்ணினா எடுக்க மாட்டேன்.

நான் என்னடா கேட்டேன்? அப்பாவும் அம்மாவும் எனக்குன்னு எழுதி வெச்சது ஒரு மாடி ரூமும் அதுக்கு முன்னாடி பன்னிரண்டுக்குப் பதினாறு அடி திறந்த வெளியும். மே முப்பத்தொண்ணோட ஆஸ்பத்திரி வேலை முடியுது. வந்தா நிம்மதியா உட்கார அந்த வெளியில ஒரு இடம் பண்ணிக் குடுன்னு கேட்டேன். ஆபரேஷன் தியேட்டர்ல இருபத்தெட்டு வருஷம் நின்னுக்கிட்டே இருந்தவ நான். உட்காரணும்னு சொன்னேன். நீ நாடகத்துக்கும் டிவிக்கும் செட் போடறவன்ங்கறதை மறந்து தொலைச்சது என் தப்பு.

ஊஞ்சல்னு ஒண்ணு மாட்டியிருக்கே. உட்காரப் போனேன், "ஐயோ அக்கா, அது பார்வைக்கு!"ன்னு ஓடி வந்து கையைப் புடிச்சே. புத்தக அலமாரியில ஒண்ணை உருவினேன், மொத்த வரிசையும் ஒரே பலகையா கையோட வந்துது. தலையணையை அமுக்கினா உள்ள பழைய பேப்பர் சத்தம். செங்கல் சுவரைத் தட்டினா டொக்கு டொக்குன்னு பிளைவுட். சரி, பின்னாடி என்ன இருக்குன்னு போய்ப் பார்த்தா முட்டுக்கட்டை, ஆணி, "சீன் 14, இடது பக்கம்"னு கரியில எழுத்து. தரை முழுக்க பிளாஸ்டிக் புல். பச்சை! இருபத்தெட்டு வருஷமா பச்சைத் துணியைப் பார்த்தே கண்ணு அவிஞ்சு போனவளுக்குப் பச்சைத் தரை!

நாற்காலி ரெண்டும் தெருவைப் பார்த்துத் தரையோட முடுக்கியிருக்கு. என்னை உட்கார வெச்சு யாருடா பார்க்கணும்?

தியேட்டர்ல ஒரு பஞ்சு எண்ணிக்கை குறைஞ்சாலும் டாக்டரைத் தைக்க விட மாட்டேன். அதே மாதிரி எண்ணினேன். நீ செஞ்சு வெச்சது பதினாலு சாமான். உட்கார முடிஞ்சது தண்ணித் தொட்டியோட சிமெண்ட் திட்டு ஒண்ணுதான். அதை நீ கட்டலை, அப்பா கட்டினது.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். ரெண்டு தடவை கோபம் வந்துது, ஒரு தடவை பசி வந்துது. சாப்பிட்டுட்டு எழுதறேன்.

பதினொரு நாள் வேலைக்கா அது. வெளி வேலை ரெண்டை விட்டுட்டு, பிளைவுட்டை நானே முதுகுல சுமந்து மாடியேத்தினேன். அந்தச் செங்கல் சுவர்ல ஒவ்வொரு கல்லுக்கும் தனி நிழல் குடுத்திருக்கேன், கவனிச்சியா? எதிர்வீட்டு டீச்சர் நிஜச் செங்கல்னு நினைச்சு, "இவ்வளவு பாரம் மாடி தாங்குமா?"ன்னு கேட்டாங்க. அதை விடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேணுமா? நீ மட்டும் சுவத்துக்குப் பின்னாடி போய்ப் பார்க்கறே. செட்டுக்குப் பின்னாடி யாராவது போவாங்களா? ஜோடிச்சு நிக்கற மனுஷனை எக்ஸ்ரே எடுத்துட்டு "உள்ள எலும்புதான் இருக்கு"ன்னு சொல்ற மாதிரி இருக்கு உன் நியாயம்.

நாற்காலி தெருவைப் பார்க்காம வேற எங்க பார்க்கும்? சுவத்தையா? காத்தோட்டமா நாலு பேரைப் பார்த்துட்டு உட்காருவேன்னு நினைச்சேன்.

முடுக்கினது காத்துல பறக்கக் கூடாதுன்னு. பழக்க தோஷம். அதை மட்டும் ஒத்துக்கறேன்.

நல்லது செஞ்சா இதுதான் பலன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஓணானா நான்? இரு.

இன்னிக்குக் காலையில முதல் கேஸ் முடிஞ்சு, டீ குடிக்கப் போற வழியில சொந்தக்காரங்க காத்திருக்கற கூடத்தைத் தாண்டறேன். டிவியில ஏதோ சீரியல் ஓடுது. முப்பது பேரு வாயைப் பொளந்துட்டுப் பார்க்கறாங்க. ஒரு மாமியார் மருமகளை ஓங்கி அறையறா. எங்க நின்னு? என் மாடியில! என் செங்கல் சுவர், என் உட்காரக் கூடாத ஊஞ்சல். அந்த மாமியார் என் நாற்காலியில கால் மேல கால் போட்டு உட்கார்ந்து, "இந்த வீட்டுல உனக்கு இடம் கிடையாது"ன்னு வசனம் பேசறா.

முன்வரிசையில ஒரு அம்மா அழுதாங்க. நானும் அழுதேன். அவங்க மருமகளுக்காக அழுதாங்க.

அதோட போச்சா? மருமகள் அழுதுட்டு ஓடிப் போய் ஒரு போர்வையைப் போத்திக்கறா. நீலப் போர்வை, ஓரத்துல வெள்ளை நூல் தையல். அது என்னோடது. உங்க அத்தான் தவறின வருஷம் நானே தைச்சது. என் ரூம்ல, என் பெட்டியில, அடியில மடிச்சு வெச்சிருந்தேன். யாருடா என் ரூமைத் திறந்தது? என் பெட்டியில யாரு கை விட்டது?

எத்தனை பேரு வந்தாங்க? எத்தனை நாள்? என் கட்டில்ல யாராவது படுத்தாங்களா? எல்லாத்துக்கும் பதில் எழுது. ஜோக்கு அடிச்சே, கிழிச்சுப் போட்டுடுவேன்.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

ஜோக்கு இல்லை.

நீ கிளம்பிப் போனப்புறம் மூணு நாள். இருபது பேரு இருக்கும். கட்டில்ல மேக்கப் சாமான் பரப்பினாங்க, யாரும் படுக்கலை. போர்வையை எடுத்துக் குடுத்தது நான்தான். "ஏதாவது பழைய துணி இருக்கா, வீட்டுல புழங்கின மாதிரி?"ன்னு கேட்டாங்க. எனக்கு அது என்ன போர்வைன்னு தெரியாதுக்கா. தெரியாதுன்னு சொல்லவே வெக்கமா இருக்கு. அத்தானுக்காக நீ தைச்சது, நான் கேட்டதே இல்லை.

ஒரு பைசா வாங்கலை. ஏன் ஒத்துக்கிட்டேன்னா, டைட்டில்ல என் பேரைப் போடறேன்னாங்க. முப்பது வருஷமா நான் கட்டின வீட்டுல யார் யாரோ வாழ்ந்தாங்க, செத்தாங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. என் பேரு ஒரு தடவை கூடத் திரையில வந்ததில்லை. இந்தத் தடவை வரும்னு வீட்டுல எல்லாரையும் டிவி முன்னாடி உட்கார வெச்சேன். வரலை. என் மூத்த பையன், பெரியவன், என் மூஞ்சியைப் பார்க்காம எழுந்து போயிட்டான். எனக்கும் கோபம் இருக்குக்கா. உன் மேல காட்டிட்டேன், அவ்வளவுதான்.

நேத்து செட்டைப் பிரிச்சுட்டேன். பதினொரு நாள்ல கட்டினதைப் பிரிக்க நாப்பது நிமிஷம். மாடி வெறும் தரையா கிடக்கு. போர்வையைத் துவைச்சுக் காயப் போட்டு, உன் பெட்டியில அடியிலேயே வெச்சாச்சு.

உனக்கு என்ன வேணும்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்பு. என் மூளையைக் கழட்டி வெச்சுட்டு அப்படியே செய்யறேன்.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

பேரைப் போடறேன்னு ஏமாத்தினவனுங்க நாசமாப் போக. அது வேற கணக்கு, அதுக்காக உன்னை விட்டுடுவேன்னு நினைக்காதே.

எழுதிக்கோ. ஒரு நாற்காலி, கை வெச்சது, உட்காரற பலகை தரையிலிருந்து பதினெட்டு அங்குலம். அதுக்குக் கீழ போனா என் முட்டி எழுந்திருக்காது. முடுக்காதே. வெயில் போற பக்கமெல்லாம் நான் இழுத்துப் போட்டுக்கணும். தெருப் பக்கம் மூங்கில் தட்டி கட்டு. உட்கார்ந்தா எதிர்வீட்டு டீச்சருக்கு என் உச்சந்தலை கூடத் தெரியக் கூடாது, எழுந்து நின்னா எனக்கு அவங்க வீட்டுக் கொடி வரைக்கும் தெரியணும். அந்த அளவுல வை. தரை சிமெண்டாவே இருக்கட்டும், கழுவி விட்டா வெறுங்காலுக்குச் சில்லுன்னு இருக்கும். கால் வெக்க ஒரு கயித்துப் பாய்.

வலது கை எட்டற தூரத்துல ஒரு சின்னப் பலகை, டம்ளரும் கண்ணாடியும் வெக்கற அளவு. அதுல மூணாவது சாமான் வெக்க இடம் இருந்தா அங்க எதையாவது கொண்டு வந்து அடைப்பீங்க, எனக்குத் தெரியும். விளக்கு ஒண்ணு, மஞ்சளா, தோளுக்குப் பின்னாடி. படிக்க முடியணும், தெருவுக்குத் தெரியக் கூடாது. செடி நாலு தொட்டி. தண்ணி ஊத்தலைன்னா சாகற செடியா இருக்கணும். செட்டுல நீ வெச்சிருந்த காகிதப் பூவைப் பார்க்கறதுக்குப் பேசாம ஆஸ்பத்திரியிலேயே இருந்துடலாம். தலையணையில பஞ்சு.

மாடிப்படி உச்சியில இருக்கற கதவுக்கு, மாடிப் பக்கமா, நான் உள்ளேயிருந்து போட்டுக்கற மாதிரி ஒரு தாழ்ப்பாள்.

இவ்வளவுதான்.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நாற்காலி முடிஞ்சுது, பதினெட்டு அங்குலம், நானே டேப் வெச்சு ரெண்டு தடவை அளந்தேன். டீச்சரை ஜன்னல்ல நிக்கச் சொல்லி, பெரியவனை நாற்காலியில உட்கார வெச்சு, "தெரியுதா? தெரியுதா?"ன்னு கத்திக் கத்தி தட்டிக்கு உயரம் பார்த்தேன். அவங்களை மறைக்கத்தான் கட்டறோம்னு தெரியாம அவங்களே, "இன்னும் ஒரு அங்குலம் ஏத்துங்க"ன்னு யோசனை சொன்னாங்க, பாவம்.

எல்லாம் சரி. தாழ்ப்பாள் மட்டும் முடியாது.

கோபப்படறதுன்னா படு. யாரைப் பார்த்துக்கா தாழ்ப்பாள்? கீழ இருக்கறது நான், என் பொண்டாட்டி, பெரியவன். நாங்க என்ன திருட்டுக் கூட்டமா? ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவங்க நாம. ஷூட்டிங் விட்டது தப்பு, ஒத்துக்கிட்டேன், பிரிச்சும் போட்டேன். அதுக்குன்னு காலம் பூரா கதவைச் சாத்தித் தண்டனையா? உன் லெட்டரைப் படிச்சுட்டு இவ சமையல்கட்டுல போய் நின்னுக்கிட்டா. "அண்ணிக்கு நான் என்ன குறை வெச்சேன்"ன்னு ஒரே அழுகை.

விழுந்து கிடந்தா யாரு வந்து தூக்கறது? கதவை உடைக்கணுமா? தம்பி வீட்டுக்கு வந்து அக்கா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கறான்னு தெரிஞ்சா நாலு பேரு என்ன பேசுவாங்க? என்னைத்தான் காறித் துப்புவாங்க.

வேற எது வேணும்னாலும் கேளு.

தம்பி

மே 3

தம்பிக்கு,

வேற எதுவும் வேண்டாம். அந்த நாற்காலியை உடைச்சு அடுப்புல போட்டாலும் போடு. தாழ்ப்பாள் இல்லைன்னா நான் வரலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ஒத்தை ரூம் வாடகைக்கு இருக்கு, பார்த்துட்டு வந்துட்டேன். ஜன்னலைத் திறந்தா சாக்கடை. ஆனா கதவுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு.

நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு கேட்டியே, என் கதையை நீயாவது கேளு. பத்தொன்பது வயசுல நர்ஸ் ஹாஸ்டல், ரூமுக்கு ஆறு கட்டில். கதவைத் தாழ் போடக் கூடாதுன்னு சட்டம், வார்டன் எந்த நேரமும் உள்ள வருவா. கல்யாணம் ஆச்சு. எங்க ரூமுக்கு முதல் ரெண்டு வருஷம் கதவே இல்லை, ஒரு திரைச்சீலை. அப்புறம் கதவு போட்டாங்க, தாழ்ப்பாள் போடலை. வீட்டு பீரோ எங்க ரூம்ல இருந்துது, யாருக்கு எப்போ என்ன தேவைப்படுமோன்னு. துணி மாத்தும்போது முதுகால கதவைச் சாத்திப் புடிச்சுக்கிட்டு மாத்தின பழக்கம் எனக்கு இன்னும் போகலை. தியேட்டர்ல கதவுக்கு நடுவுல வட்டக் கண்ணாடி, போறவன் வரவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான்.

உங்க அத்தான் போன அன்னிக்கு என்னைச் சுத்தி நாப்பது பேரு உட்கார்ந்திருந்தாங்க. அழறேனா, அழலையா, எவ்வளவு அழறேன். அவ்வளவு கண்ணுக்கு முன்னாடி எனக்கு அழுகை வரலைடா. "கல்லு மாதிரி இருக்கா பாரு"ன்னு ஒருத்தி சொன்னது என் காதுலயே விழுந்துது. மறுநாள் குளிக்கற ரூம்ல போய், குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அஞ்சு நிமிஷம் ஆகலை. வெளியில கதவைத் தட்டி ஒரு குரல், "தண்ணி வீணாப் போகுது."

அதுக்கப்புறம் பதினோரு வருஷமா ஆஸ்பத்திரி ஹாஸ்டல், மறுபடி பொது ரூம், அதே சட்டம். ஐம்பத்தெட்டு வயசாச்சு. குளிக்கற ரூமை விட்டா, நான் உள்ளேயிருந்து சாத்தின கதவு ஒண்ணு இருக்கா, நீயே சொல்லு.

அந்த மாடிப்படிக் கதவுல இப்போ தாழ்ப்பாளே கிடையாதா? இருக்கே! படிப் பக்கம், உங்க பக்கம், கையகலத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள். மார்ச்ல வந்தேனே, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் மாடியில தொட்டித் திட்டுல உட்கார்ந்திருக்கேன். கீழேயிருந்து யாரோ பழக்கத்துல தாழ் போட்டுட்டுப் போயிட்டீங்க. தட்டினேன். மூணு தடவை தட்டினேன். டிவி சத்தத்துல கேக்கலை. நாப்பது நிமிஷம் வெயில்ல நின்னேன். பெரியவன் துணி எடுக்க வந்து திறந்துட்டு, "அத்தை, நீங்க இங்கயா இருந்தீங்க?"ன்னு கேட்டான். வீட்டுல ஒருத்தருக்கும் நான் இல்லைன்னே தெரியலை. அதான் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினேன். உன் பிளைவுட் சுவருக்காக இல்லை.

உங்க பக்கம் இருந்தா அது பாதுகாப்பு, என் பக்கம் இருந்தா அது அவமானமா?

உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கும் ஒரு கதவு வேணுமான்னு கேளு. என்ன பதில் சொல்றாள்னு பாரு.

அக்கா

மே 21

அக்கா,

பதினெட்டு நாளா எழுதலை.

நீ கேக்கச் சொன்னதை இவகிட்டக் கேட்டேன். "எதுக்கு இப்போ அதெல்லாம்"னா. ரெண்டு நாள் கழிச்சு, தோசை மாவு கரைச்சுக்கிட்டே, "கேட்டா போட்டுக் குடுப்பீங்களா?"ன்னா. நான் இருபத்திரண்டு வருஷமா அவ கூட இருக்கேன் அக்கா.

முந்தாநாள் கடைக்குப் போய் பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கினேன். கடைக்காரன், "செட்டுக்கா அண்ணே? சும்மா ஒட்டற மாதிரி லேசா தரவா?"ன்னான். நிஜமா சாத்தறதுக்குன்னேன். நம்பாம பார்த்தான். முப்பது வருஷத்துல நான் செஞ்ச கதவு ஆயிரம் இருக்கும், ஒண்ணுக்கும் தாழ்ப்பாள் வெச்சதில்லை. நடிகருங்க உள்ள வரணும், வெளியே போகணும், அதுக்கு மேல கதவுக்கு வேலை கிடையாது. சட்டத்துல குழி சரியா விழாம ரெண்டு தடவை உளி வழுக்கிடுச்சு. கட்டை விரல்ல தையல் போடற அளவுக்கு இல்லை, பயப்படாதே.

மாட்டி முடிச்சதும் சோதனைக்கு உள்ளேயிருந்து போட்டுப் பார்த்தேன். டக்குன்னு விழுந்துது. அப்படியே போய் உன் நாற்காலியில உட்கார்ந்தேன். நான் செஞ்ச நாற்காலி ஒண்ணுல நான் உட்கார்ந்ததே இல்லை தெரியுமா? உட்கார்ந்தா உடைஞ்சுடும், அப்படித்தான் செய்வோம். இது தாங்குது. கீழேயிருந்து இவ கூப்பிட்டா. அப்புறம் பெரியவன். அப்புறம் போன் அடிச்சுது. திறக்கலை. ஏன்னு தெரியலை, திறக்கத் தோணலை. ஒரு மணி நேரம். யாரும் என்னைப் பார்க்கலை, நானும் யாருக்கும் எதுவும் காட்டலை. இறங்கி வரும்போது கண்ணெல்லாம் எரிஞ்சுது. தூசின்னு சொல்லிட்டேன்.

எங்க பக்கத்து இரும்புத் தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன். இனிமே அந்தக் கதவுக்கு உன் பக்கம் மட்டும்தான்.

வா.

தம்பி

ஜூன் 10
மாடியிலிருந்து

தம்பிக்கு,

படியில இறங்கி வந்து பேசலாம். ஆனா உன் மூஞ்சியைப் பார்த்தா கோபம் பாதியில நின்னுடும். அதனால கதவுக்கு அடியில சொருகறேன்.

நான் வந்து பத்து நாள் ஆச்சு. முதல் நாள் பெட்டியை ஏத்தி வெச்சுட்டு ஓடினவன்தான், அப்புறம் ஒரு தடவை மேல வந்தியா? சாப்பாட்டுத் தட்டைப் படியில வெச்சுட்டுப் பூனைக்கு வெக்கற மாதிரி ஓடறீங்க. வீட்டுல டிவி சத்தமே இல்லை. பெரியவன் படியேறும்போது செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கறான். நேத்து உன் பொண்டாட்டி ஏதோ சொல்லிச் சிரிச்சா, நீ "உஷ்ஷ்"னு அடக்கினே. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். என்னடா நினைச்சுட்டு இருக்கீங்க? நான் தாழ்ப்பாள் கேட்டேன், சமாதி கேக்கலை.

நாற்காலி நல்லா இருக்கு. காலையில தொட்டிப் பக்கம் இழுத்துக்கறேன், சாயங்காலம் தட்டிப் பக்கம். ஒரு செடி வாடிடுச்சு, வேர்ல தண்ணி நிக்குது, தொட்டியில ஓட்டை போட மறந்துட்டே. போர்வையை எடுத்து முதுகுக்குப் போட்டுக்கிட்டேன். வந்த அஞ்சாவது நாள், மத்தியானம், தாழ் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷத்து அழுகை. யாரும் தட்டலை, யாரும் தண்ணி வீணாகுதுன்னு சொல்லலை. அழுது முடிச்சு, நானா எழுந்து, மூஞ்சி கழுவிட்டு, செடிக்குத் தண்ணி ஊத்தினேன். அதுக்காக உனக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கேன்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

ஆனா ஒண்ணு உன் மண்டையில ஏறவே இல்லை. உங்களை வெளியில நிறுத்தறதுக்கா கேட்டேன்? இத்தனை வருஷமும் என் கதவை யார் யாரோ திறந்தாங்க, யார் யாரோ சாத்தினாங்க. ஒரு தடவையாவது யாராவது தட்டி, நான் எழுந்து போய்த் திறக்கணும். அதுக்குத்தான் கேட்டேன். தட்டறதுக்கு ஆளே இல்லாத கதவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் மேல வாங்க. உன் பொண்டாட்டியைச் சிரிச்சுக்கிட்டே வரச் சொல்லு. ரெண்டாவது நாற்காலி கிடையாது, தரையைக் கழுவி வெச்சிருக்கேன், உட்காருங்க.

தாழ் போட்டுத்தான் இருக்கும். தட்டு. உடனே திறக்கலைன்னு திரும்பிப் போயிடாதே. முட்டி வலிக்குது, எழுந்து வர நேரமாகும்.

அக்கா